ஒரே ஓவியத்துல ஐம்பது சினிமா: எம் அண்ட் எம்ஸ் டார்க் சாக்லேட் கேம், ஒரு லேட்டான ரிவ்யூ

விளம்பரத்துக்காக பண்ற கேம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஏற்கனவே எல்லாரும் ஆடி சலிச்ச ஒரு கேமை எடுத்து, அதுல லோகோவ ஒட்டி, ஒவ்வொரு லெவலுக்கும் நடுவுல பொருளோட போட்டோவ காட்டி, கடைசில ஈமெயில் ஐடி குடுத்தாதான் ஸ்கோர் காட்டுவேன்னு நிப்பாங்க. அப்படிப்பட்ட கூட்டத்துல இருந்து தனியா தெரிஞ்ச ஒன்னு 2006 கடைசில அமெரிக்கால வந்துச்சு. எம் அண்ட் எம்ஸ்ங்கிற கலர் கலர் சாக்லேட் மிட்டாய்க்காரங்க அப்போ டார்க் சாக்லேட்ல புதுசா ஒரு வகை இறக்கினாங்க, அதுக்கு விளம்பரமா ஒரு பெரிய ஓவியத்த இணையத்துல போட்டு, "இதுக்குள்ள ஐம்பது டார்க் படம் ஒளிஞ்சிருக்கு, கண்டுபிடி"ன்னு விட்டாங்க. டார்க் சாக்லேட்டுக்கு டார்க் படம், அதாவது பேய், கொலைன்னு போற படம், அவ்ளோதான் கனெக்‌ஷன். கேக்க சாதாரணமா இருக்குல்ல, ஆனா ஒளிச்சு வச்சத தேடுற கேம் வகையில நான் பாத்ததுலயே மூளைய நல்லா வேலை வாங்கின ஒன்னு இது, அதனால இவ்ளோ வருஷம் கழிச்சும் இதுக்கு ஒரு முழு ரிவ்யூ எழுதணும்னு தோணுது.

முதல்ல ஒன்னு சொல்லிடறேன், கீழ எந்த படத்தோட பேரையும் எழுத மாட்டேன். இந்த கேம்ல விடைதான் மொத்த சொத்தே, அத நான் இங்க கொட்டிட்டா நீங்க அந்த ஓவியத்த பாக்கறதுக்கு ஒரு அர்த்தமும் இல்லாம போயிடும்.

ஆட்டம் எப்படின்னா, ஸ்க்ரீன் முழுக்க ஒரு ஓவியம். அதுல கை கால் முளைச்ச எம் அண்ட் எம்ஸ் உருண்டைங்க, விலங்குங்க, பொருளுங்க, கட்டடம், மரம்னு ஏகப்பட்டது அங்கங்க ஏதேதோ பண்ணிக்கிட்டு இருக்கும். ஒவ்வொரு குட்டி காட்சியும் ஒரு சினிமா தலைப்பு. ஏதோ ஒன்னு விசித்திரமா தெரியுதேன்னு தோணினா அத கிளிக் பண்ணி படத்தோட பேர டைப் பண்ணணும், சரியா இருந்தா ஒன்னு கணக்குல ஏறும், அப்படியே ஐம்பதும் தேத்தணும். நம்ம கூட்டமா உக்காந்து டம் ஷராட்ஸ் ஆடும்போது படத்தோட கதைய விட்டுட்டு தலைப்புல இருக்கிற வார்த்தைய மட்டும் தனித்தனியா நடிச்சு காட்டுவோம் பாருங்க, அதே வேலையதான் இங்க அந்த உருண்டைங்க பண்ணுதுங்க. தலைப்புல ஒரு பறவை இருந்தா பறவை வரும், ஒரு எண் இருந்தா அந்த எண் எங்கயாவது எழுதியிருக்கும் இல்ல அத்தன பொருள் நிக்கும், ஒரு ஊரு பேரு இருந்தா அந்த ஊர ஞாபகப்படுத்துற எதையாவது பக்கத்துல வச்சிருப்பாங்க. ஆக படத்த பாத்திருக்கணும்னு கூட அவசியம் கெடையாது, தலைப்பு காதுல விழுந்திருந்தா போதும், பேய்ப் படம்னாலே கண்ண மூடிக்கிற ஆளு கூட பாதிக்கு மேல புடிச்சிடலாம். இது ரொம்ப நல்ல முடிவு, ஏன்னா வெறும் சினிமா வெறியர்களுக்கு மட்டும்னு வச்சிருந்தா இது ஒரு மூலைல கெடந்திருக்கும்.

இந்த வகை கேம்ஸ் நெறைய ஆடினவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். 2005ல மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ் ஹன்ட்ஸ்வில் வந்ததுக்கு அப்புறம் ஹிட்டன் ஆப்ஜெக்ட்ங்கிறது ஒரு தனி ஜானராவே ஆயிடுச்சு. ஒரு அறை, அதுல குப்பை மாதிரி சாமான், கீழ ஒரு லிஸ்ட், குடை எங்க, கத்திரிக்கோல் எங்க, வாழைப்பழம் எங்கன்னு தேடணும். அது நல்லா இருக்கும், நான் கொறை சொல்ல வரல, ஆனா கொஞ்ச நேரத்துல கண்ணு மட்டும்தான் வேலை செய்யும், மூளை தூங்கிடும். அதுவும் சில கேம்ல செவப்பு திரைச்சீலை மேல செவப்பு மொளகாவ பாதி தெரியாத அளவுக்கு மங்கலாக்கி ஒட்டி வச்சிருப்பான், கிடைச்சதும் சந்தோஷம் வராது, எரிச்சல்தான் வரும். ஒளிச்சு வைக்கிறதுல ஒரு நேர்மை வேணுங்க. கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் "அட, இவ்ளோ நேரம் இங்கயேதான இருந்துச்சு"ன்னு தோணணும், "இத எப்படிடா பாக்க முடியும்"னு தோணக்கூடாது.

எம் அண்ட் எம்ஸ் ஓவியத்துல அந்த நேர்மை முழுசா இருக்கு. எதுவுமே எதுக்கு பின்னாடியும் மறைஞ்சு நிக்கல, எல்லாம் பளிச்சுன்னு கண்ணு முன்னாடிதான் இருக்கு, ஒளிஞ்சிருக்கறது பேரு மட்டும்தான். ஒரு காட்சிய நீங்க பாத்துக்கிட்டே இருப்பீங்க, அது ஏதோ ஒரு படம்னு உள்ளுக்குள்ள அடிச்சு சொல்லும், நாக்கு நுனி வரைக்கும் வந்து நிக்கும், வராது. விட்டுட்டு வேற மூலைக்கு போவீங்க, அங்க ரெண்டு மூணு கிடைக்கும், அப்புறம் வேற ஏதோ வேலை பாக்கும்போது திடீர்னு மொதல்ல விட்டது தலைல வந்து அடிக்கும். இந்த கேமை மூடினதுக்கு அப்புறமும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும், அதுதான் நல்ல புதிருக்கு அடையாளம்னு நான் நெனைக்கிறேன். டைமர் வச்சு வெரட்டற கேம்ல இது வராது, ஏன்னா விட்டுட்டு போறதுக்கு அவன் நேரமே குடுக்க மாட்டான்.

இப்ப ஓவியத்துக்கு வருவோம், எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி இதுதான். அவங்க எடுத்துக்கிட்ட ஸ்டைல் ஹியரோனிமஸ் பாஷ்ங்கிற டச்சு ஓவியரோடது. 1516ல செத்துப்போன மனுஷன். அவர் வரைஞ்ச தி கார்டன் ஆஃப் எர்த்லி டிலைட்ஸ் இப்ப மாட்ரிட்ல பிராடோ மியூசியத்துல இருக்கு, மூணு பலகை சேந்த ஓவியம், நடு பலகை மட்டுமே ரெண்டு மீட்டருக்கு மேல ஒசரம். இடது பக்கம் சொர்க்கம், நடுவுல ஆள் ஒசர ஸ்ட்ராபெர்ரியும் குளத்த சுத்தி விலங்கு மேல ஏறி ஊர்வலம் போற ஜனமும், வலது பக்கம் நரகம். அந்த வலது பலகைய ஒரு தடவ பெருசாக்கி பாருங்க. ரெண்டு காதுக்கு நடுவுல ஒரு பெரிய கத்தி நீட்டிக்கிட்டு பீரங்கி மாதிரி நிக்கும், பறவை தலை வச்ச ஒன்னு ஒசரமான நாற்காலில உக்காந்து மனுஷன முழுசா முழுங்கிக்கிட்டு இருக்கும், ஒரு ஆளு யாழ் நரம்புக்கு நடுவுல மாட்டி தொங்குவான், கன்னியாஸ்திரி முக்காடு போட்ட பன்னி ஒருத்தன கட்டிப் புடிச்சு ஒட்டிக்கிட்டு நிக்கும், வயிறு ஒடஞ்ச முட்டை மாதிரி இருக்கிற ஒரு மர மனுஷன் திரும்பி நம்மளயே பாப்பான். ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி வரைஞ்சது, இன்னிக்கும் அதுல ஒவ்வொன்னுக்கும் என்ன அர்த்தம்னு ஆராய்ச்சி பண்றவங்க சண்ட போட்டுக்கிட்டுதான் இருக்காங்க.

அதாவது பாஷோட ஓவியமே ஒரு ஹிட்டன் ஆப்ஜெக்ட் படம் மாதிரிதான் இயங்குது. நடுவுல ஒரு பெரிய ராஜாவோ சாமியோ நின்னு உங்க பார்வைய புடிச்சு வைக்கறதில்ல, எந்த மூலைல ஆரம்பிச்சாலும் அங்க ஒரு முழு கதை நடந்துக்கிட்டு இருக்கும், அடுத்த கதைக்கு கண்ணு தானா நழுவும். டார்க்கான விஷயம், சின்ன சின்ன ஜந்து, ஒவ்வொன்னும் ஒரு புதிர், பாத்து முடிக்கவே முடியாத கூட்டம், இது நாலும் ஒரே இடத்துல வேணும்னா பாஷ விட்டா வேற ஆளு கெடையாது. விளம்பரம் பண்ண உக்காந்த ஒருத்தருக்கு இது தோணியிருக்கு பாருங்க, அந்த ஆளுக்கு ஓவியமும் தெரிஞ்சிருக்கு, புதிரும் தெரிஞ்சிருக்கு. சும்மா ஒரு பேய் பங்களாவ வரைஞ்சு அதுல ஐம்பது பொம்மைய நட்டிருந்தா கூட வேலை முடிஞ்சிருக்கும், யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க. பாஷ எடுத்ததால என்ன ஆச்சுன்னா, தலைப்பு எதுவும் கண்டுபிடிக்க முடியாத நேரத்துல கூட ஓவியத்த பாத்துக்கிட்டே இருக்கலாம், போர் அடிக்காது.

அந்த உருண்டைங்களும் இதுக்கு ரொம்ப பொருத்தம். எம் அண்ட் எம்ஸ் சாக்லேட் 1941ல அமெரிக்கால ஆரம்பிச்சது, 1954லயே அதுக்கு கார்ட்டூன் உருவம் குடுத்து விளம்பரத்துல விட்டுட்டாங்க. இப்ப நமக்கு தெரிஞ்ச அந்த கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் முகம் 1990கள் நடுவுல வந்தது. 1995ல ஜனங்கள ஓட்டு போட வச்சு நீல கலர சேத்தாங்க, பச்ச 1997ல கேரக்டர் ஆச்சு, ஆரஞ்சு 1999ல. எல்லாரும் சேந்து பாத்தா அது ஒரு குட்டி குடும்பம் மாதிரி, செவப்பு எப்பவும் தான்தான் தலைவர்னு நெனச்சுக்கும், மஞ்சள் வேர்க்கடலை உள்ள இருக்கிறது, வெள்ளந்தி, ஆரஞ்சுக்கு எப்பவும் யாராவது தன்ன தின்னுடுவாங்களோன்னு பயம். உருவத்துக்கு ஒரு உருண்டை, ரெண்டு கண்ணு, ஒரு வாய், வெள்ள கையுறை, அவ்ளோதான். இந்த எளிமைதான் புதிருக்கு கை குடுக்குது, ஏன்னா எந்த வேஷம் போட்டாலும் உடனே அது எம் அண்ட் எம்ஸ்னு தெரியும், கூடவே அந்த வேஷம் என்னங்கிறதும் தெளிவா தெரியும். நெறைய விவரம் இருக்கிற ஒரு கேரக்டர இப்படி கட்டவிரல் அளவுக்கு சின்னதா வரைஞ்சா ஒன்னும் புரியாது, வெறும் கலர் கலங்கலாதான் தெரியும். இன்னொன்னு, கொடூரமான தலைப்ப கூட இந்த உருண்டைங்கள வச்சு காட்டும்போது ரத்தமா தெரியாது. என்ன ஆனாலும் அது ஒரு மிட்டாய்தான.

விளம்பரமா பாத்தா இதுல நான் மதிக்கிறது ஒன்னுதான், பொருள்தான் நடிகன். கேமுக்கு முன்னாடி ஒரு விளம்பரம், பின்னாடி ஒரு விளம்பரம்னு தனியா எதுவும் தேவைப்படல, நீங்க புதிர தீர்க்கணும்னாலே அந்த உருண்டைங்கள ஒவ்வொன்னா மூஞ்சிய உத்து பாத்தாகணும். மத்த விளம்பர கேம்ஸோட வரலாற கொஞ்சம் பாத்தீங்கன்னா இதோட மதிப்பு புரியும். 1983ல கோகோ கோலா அவங்க சேல்ஸ் ஆளுங்க மாநாட்டுக்காக அட்டாரிங்கிற வீடியோ கேம் கம்பெனிகிட்ட சொல்லி ஒரு கேசட் பண்ணினாங்க, ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேம்தான், ஆனா ஏலியனுக்கு பதிலா பெப்சிங்கிற எழுத்துங்க இறங்கி வரும், அத சுடணும். 125 காப்பிதான் போட்டாங்க. சிரிப்பா இருக்கும், ஆனா அது அடுத்தவன் கேம் மேல எழுத்த ஒட்டினதுதான். 1993ல செவன் அப் அவங்க லோகோல இருக்கிற செவப்பு புள்ளிக்கு கூலிங் கிளாஸ் மாட்டி கூல் ஸ்பாட்னு ஒரு தாவுற கேம் விட்டாங்க, அது நெஜமாவே நல்ல கேம், ஆனா அந்த புள்ளிய எடுத்துட்டு வேற எந்த பொம்மைய வச்சாலும் கேம் அப்படியே ஓடும். 1996ல ஒரு அமெரிக்க காலை உணவு சீரியல் டப்பாக்குள்ள ஒரு கேம் சிடி வச்சு குடுத்தாங்க, டூம்ங்கிற பிரபல சுடற கேமோட இன்ஜின்லயே பண்ணினது, பச்சையா கொழகொழன்னு இருக்கிற ஜந்துங்கள கொல்லாம அதுங்க உலகத்துக்கே திருப்பி அனுப்பணும், அதுக்கு இன்னிக்கும் ரசிகர்கள் இருக்காங்க. இந்த ஓவியத்துக்கு ரொம்ப கிட்ட வர்றது 2005ல வர்ஜின் டிஜிட்டல்ங்கிற ஆன்லைன் மியூசிக் கம்பெனி விட்ட படம்தான், ஒரு தெரு காட்சிக்குள்ள எழுபதுக்கும் மேல மியூசிக் பேண்ட் பேர இதே மாதிரி சித்திரமா வச்சிருந்தாங்க, ஈமெயில்ல ஆபீஸ் ஆபீஸா சுத்துச்சு. எம் அண்ட் எம்ஸ் அந்த ஐடியாவதான் எடுத்துக்கிட்டாங்கன்னு பாத்தாலே தெரியும், ஆனா அதுல இல்லாத ரெண்டு விஷயத்த சேத்தாங்க, ஒன்னு பாஷ், இன்னொன்னு கதாபாத்திரம். அந்த தெரு படத்த ஒரு தடவ தீர்த்துட்டா அப்புறம் பாக்கறதுக்கு ஒன்னும் இருக்காது. இத தீர்த்ததுக்கு அப்புறமும் பாக்கலாம்.

அதே எம் அண்ட் எம்ஸ் கம்பெனி 2013ல பிரெட்ஸல் (முடிச்சு மாதிரி முறுக்கின உப்பு பிஸ்கட்) வகைக்காக ஃபேஸ்புக்ல ஒரு படம் போட்டாங்க, ஸ்க்ரீன் முழுக்க எம் அண்ட் எம்ஸ், நடுவுல எங்கயோ ஒரே ஒரு குட்டி பிரெட்ஸல், அத கண்டுபிடி. செலவே இல்லாத ஐடியா, ஆயிரக்கணக்குல ஷேர் ஆச்சு, மார்க்கெட்டிங் பாடம் எடுக்கிறவங்க எல்லாரும் இதத்தான் உதாரணமா காட்டுவாங்க. எனக்கு என்னமோ அது கேமாவே தெரியல. ஒரு தடவ பாத்துட்டா முடிஞ்சுது, திரும்ப பாக்க ஒன்னும் இல்ல. 2006 ஓவியத்துக்கு எத்தன மணி நேரம் உக்காந்து வரைஞ்சிருப்பாங்கன்னு யோசிச்சா, சிரமம் போட்டது மறந்து போயி சிரமம் போடாதது புகழ் வாங்கிடுச்சேன்னு வருத்தமா இருக்கு.

சரி, கொறைங்க. இருக்கு.

பெரிய கொறை, இது முழுக்க முழுக்க அமெரிக்க மண்டைக்காக பண்ணினது. ஐம்பது தலைப்பும் இங்கிலீஷ், பெரும்பாலும் ஹாலிவுட். தலைப்பு காதுல விழுந்திருந்தா போதும்னு மேல சொன்னேன், ஆனா அந்த ஊர்ல வளந்தவங்களுக்குதான் எல்லா தலைப்பும் காதுல விழுந்திருக்கும். வெளில இருந்து ஆடுறவங்க ஒரு முப்பது வரைக்கும் ஜம்முன்னு போவாங்க, அப்புறம் ஒரு சுவர் வரும். அந்த சுவர்ல முட்டிக்கிட்டு நிக்கும்போது யோசிச்சு பிரயோஜனம் இல்ல, தெரிஞ்சா தெரியும், தெரியாட்டி தெரியாது. படி படியா குறிப்பு குடுத்து, வந்த வருஷம் இது, நடிச்சவர் இவர்னு கொஞ்சம் கொஞ்சமா அவுத்திருந்தா எல்லா ஊர்க்காரனும் கடைசி வரைக்கும் போயிருப்பான். உலகம் பூரா விக்கிற ஒரு மிட்டாய்க்கு இத யோசிச்சிருக்கணும்.

ரெண்டாவது, அதே காட்சிக்கு ரெண்டு தலைப்பு பொருந்தற தொல்லை. சித்திர புதிர்ல இது எப்பவும் வரும், பேய்ப் பட தலைப்புல எல்லாம் இருட்டு, ரத்தம், செத்தவன், வீடு, ராத்திரின்னு திரும்ப திரும்ப அதே வார்த்தைங்கதான, அதனால ஒரு கல்லறைய பாத்தா நாலு படம் ஞாபகத்துக்கு வரும். சரியான காட்சிய புடிச்சு தப்பான தலைப்ப சொல்றவனுக்கு "கிட்ட வந்துட்ட"ன்னு ஒரு சின்ன சைகையாவது வேணும், வெறும் தப்புன்னு சொன்னா அவன் நல்ல யூகத்த கைவிட்டுட்டு வேற பக்கம் ஓடிடுவான்.

மூணாவது விஷயம் கொஞ்சம் சீரியஸ். கலர் கலரா சிரிக்கிற உருண்டைங்கள பாத்தா சின்ன பசங்க ஓடி வருவாங்க, ஆனா உள்ள இருக்கிற தலைப்புங்க பெரியவங்க படம். ஓவியத்துல பயமுறுத்தற மாதிரி எதுவும் பெருசா இல்லைனாலும், ஒரு பத்து வயசு பொண்ணு "இது என்ன படம்"னு கேட்டு அத தேடி பாத்தா என்ன ஆகும்? டார்க் சாக்லேட் பெரியவங்களுக்கானதுன்னு கம்பெனி நெனச்சு பண்ணியிருக்கலாம். எம் அண்ட் எம்ஸ் பண்ற மார்ஸ் கம்பெனியே அடுத்த வருஷம், 2007ல, பன்னெண்டு வயசுக்கு கீழ இருக்கிற பசங்கள குறி வச்சு விளம்பரம் பண்றத நிறுத்திடறோம்னு அறிவிச்சாங்க. அது நல்ல விஷயம். ஆனா கார்ட்டூன் முகத்த வச்சுக்கிட்டு பசங்களுக்கு இல்லன்னு சொல்றது அவ்ளோ ஈஸியா நடக்காது, இந்த கேம்ல வாசல்லயே ஒரு எச்சரிக்கை தெளிவா இருக்க வேண்டிய விஷயம்னு நான் உறுதியா நெனைக்கிறேன்.

இன்னொன்னு கொறைன்னு சொல்ல முடியாது, ஆசைன்னு சொல்லலாம். 2017ல ஹிட்டன் ஃபோக்ஸ்னு ஒரு கேம் வந்துச்சு, அட்ரியான் டி யாங்னு ஒரு டச்சு டிசைனரும் சில்வான் டெக்ரோக்னு ஒரு ஓவியரும் சேந்து பண்ணினது. முழுக்க பேனால கையால வரைஞ்ச கறுப்பு வெள்ள படம், எத தொட்டாலும் அசையும், புதர தட்டினா வெலகும், கதவ தட்டினா தொறக்கும், அதுல வர்ற ஒவ்வொரு சத்தமும், குரங்கு, மழை, வண்டி, எல்லாமே வாயாலயே பண்ணி ரெக்கார்ட் பண்ணினது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி குறிப்பு இருக்கும், அந்த வரிய படிச்சு யோசிச்சா எங்க தேடணும்னு தெரியும், கண்ணால மட்டும் துழாவ வேண்டியதில்ல. அந்த உயிரோட்டம் இந்த பாஷ் ஓவியத்துல இருந்தா எப்படி இருந்திருக்கும்! ஒரு உருண்டைய தட்டினா அது திரும்பி முறைக்கணும், சரியான விடைய சொன்னதும் அந்த காட்சி ஒரு நொடி நடந்து காட்டணும். 2006ல ப்ரௌசர்ல ஓடற கேமுக்கு நெட் ஸ்பீடு அவ்ளோ இடம் குடுத்திருக்காதுன்னு தெரியும், இருந்தாலும் மனசு கேக்குது.

தனியா ஆடறதுக்கும் கூட்டமா ஆடறதுக்கும் இதுல ரொம்ப வித்தியாசம் இருக்கு. தனியா ஆடினா சுவர்ல முட்டுவீங்க. நாலு பேர் ஒரே ஸ்க்ரீன் முன்னாடி நின்னா ஒருத்தர் பழைய கறுப்பு வெள்ள படம் தெரிஞ்சவரா இருப்பாரு, ஒருத்தர் எண்பதுகள் வீடியோ கேசட் ஆளு, ஒருத்தருக்கு படமே தெரியாது ஆனா "அந்த மஞ்ச உருண்டை கைல என்ன வச்சிருக்கு பாரு"ன்னு சரியா காட்டிடுவாரு. அந்த கடைசி ஆளுதான் இந்த கேம்ல ரொம்ப முக்கியம். படம் தெரிஞ்சவன் தனக்கு தெரிஞ்ச படத்த தேடுவான், தெரியாதவன் மட்டும்தான் ஓவியத்துல என்ன இருக்கோ அத அப்படியே வாய்விட்டு சொல்லுவான், அப்படி சொல்லும்போதே தலைப்பு வெளில வந்து விழும்.

இப்ப இத ஆட முடியுமான்னா, வந்த மாதிரியே ஆட முடியாது. அந்த காலத்து ப்ரௌசர் கேம் பெரும்பாலும் ஃப்ளாஷ்ங்கிற சாஃப்ட்வேர்ல ஓடினது, அடோபி 2020 டிசம்பர் 31 தேதியோட ஃப்ளாஷுக்கு சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க, 2021 ஜனவரி 12ல இருந்து ப்ளேயரே எதையும் ஓட்டாத மாதிரி பண்ணிட்டாங்க. அதுக்கும் முன்னாடியே, விளம்பரம் முடிஞ்சதும் கேம் இருந்த பக்கத்த கம்பெனிங்க எடுத்துடுவாங்க, அவங்கள பொறுத்தவரைக்கும் அது ஒரு போஸ்டர், சீசன் முடிஞ்சா கிழிச்சிடலாம். இங்கதான் எனக்கு கோவம் வருது. ஒரு போஸ்டர வரைஞ்சவருக்கும் உழைப்புதான், ஒரு புதிர யோசிச்சவருக்கும் உழைப்புதான், வித்தது சாக்லேட்ங்கிறதுக்காக அந்த உழைப்பு கம்மியாயிடாது. ஃப்ளாஷ்பாயிண்ட்னு ஒரு கூட்டம் 2018ல இருந்து பழைய வெப் கேம்ஸ சம்பளம் வாங்காம சேத்து வச்சிக்கிட்டு இருக்காங்க, லட்சத்துக்கு மேல காப்பாத்திட்டாங்க. பழைய இணைய பக்கங்கள சேத்து வைக்கிற இன்டர்நெட் ஆர்கைவும் 2020 கடைசில இருந்து ரஃபிள்னு ஒரு எமுலேட்டர, அதாவது ஃப்ளாஷ் மாதிரியே நடந்துக்கிற ஒரு ப்ரோகிராம வச்சு பழைய ஃப்ளாஷ் சமாச்சாரத்த ப்ரௌசர்லயே ஓட விடறாங்க. இந்த வேலைய சம்பந்தப்பட்ட கம்பெனிங்கதான் பண்ணியிருக்கணும், ஒரு சர்வர் மூலைல அந்த ஃபைல வச்சிருக்க அவங்களுக்கு என்ன செலவாயிடப் போகுது?

நல்ல வேளையா இதுல ஆட்டத்தோட உசுரு அந்த ஓவியத்துலயே இருக்கு, ஓவியத்தோட காப்பி நெட்ல இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கு. டைப் பண்ணி சரி பாக்கற வசதி இல்லைன்னா என்ன, ஒரு பேப்பர்ல ஒன்னுல இருந்து ஐம்பது வரைக்கும் நம்பர் போட்டு எழுதிக்கலாம். பாக்கறப்ப சின்னதா இருக்கிற காப்பிய எடுக்காதீங்க, எவ்ளோ பெருசா கிடைக்குதோ அவ்ளோ பெருசா எடுங்க, கைல இருக்கிறது என்ன, தலைல மாட்டியிருக்கிறது என்னங்கிற அளவுக்கு தெரிஞ்சாதான் ஆடவே முடியும். போன்ல பாக்கறத விட பெரிய மானிட்டர்ல இல்ல டிவில போட்டு பாக்கறது ரொம்ப நல்லா இருக்கும். ஒரு மூலைய எடுத்துக்கிட்டு அத முடிச்சிட்டுதான் அடுத்ததுன்னு போங்க, மொத்தமா பாத்தா கண்ணு வழுக்கிக்கிட்டே போகும். ஒவ்வொரு காட்சிலயும் தேவையில்லாம இருக்கிற மாதிரி தெரியற பொருள்தான் பெரும்பாலும் தலைப்போட ரெண்டாவது வார்த்தை, அத விட்டுடாதீங்க. தேடும்போது முழு விடை லிஸ்ட்டும் கூடவே வந்து நிக்கும், பல பேரு எப்பவோ எழுதி போட்டுட்டாங்க. குறைஞ்சது ஒரு வாரமாவது அந்த பக்கம் கண்ண திருப்பாதீங்க, கடைசி அஞ்சாறு மட்டும் எப்படியும் வராதுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். அந்த அரைய கொறைச்சது குறிப்பு இல்லாம வெளியூர்க்காரன சுவர்ல முட்ட விட்டதுக்கு.